கால்டன் குன்றில் நெருப்பு: பெல்டேன் சடங்கா, வெறும் நாடகமா?

வாசகர் கேள்வி, ஏப்ரல் 9

"ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஏப்ரல் 30 இரவு நடக்கும் பெல்டேன் நெருப்பு விழாவைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். தேடிப் பார்த்தேன். 1988ல் ஒரு இசைக்குழுக்காரர் தொடங்கியதாம். அப்படியென்றால் அது பழைய சடங்கே இல்லை, உடம்பில் சாயம் பூசிக்கொண்டு ஆடும் நாடகம். பல நூறு வருடம் விட்டுப்போகாமல் நடக்கும் திருவிழாக்கள் நம் ஊரில் இருக்கின்றன. இதற்குப் போய் ஏன் இத்தனை வாரம் செலவழிக்கிறீர்கள்?"

ஏப்ரல் 9, இரவு 11.40

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பெல்டேன் என்பது மே பிறக்கும்போது கோடையை வரவேற்கும் கேலிக் திருநாள். அயர்லாந்து, ஸ்காட்லாந்தின் பழைய மொழி கேலிக். 1988 சரி. டெஸ்ட் டிபார்ட்மென்ட் என்ற குழுவைச் சேர்ந்த ஆங்கஸ் ஃபார்க்கர் முன்னின்று தொடங்கினார். பழைய இரும்பையும் தகரத்தையும் முரசாக்கி அடித்த குழு அது. 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது தென் வேல்ஸ் சுரங்கக்காரர்களின் பாடகர் குழுவோடு சேர்ந்து மேடையேறியவர்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட்லாந்து நாட்டாரியல் துறை பழைய குறிப்புகளைத் தேடிக் கொடுத்தது. ஆர்தர்ஸ் சீட் மலையில் நடத்தத்தான் முதலில் நினைத்தார்கள். நடைமுறைச் சிக்கலால் நகர நடுவில் இருக்கும் கால்டன் குன்றுக்கு வந்தது.

குன்று 103 மீட்டர்தான். மேலே பன்னிரண்டு கல்தூண்கள் பாதியில் நிற்கும். நெப்போலியன் போர்களில் செத்த வீரர்களுக்காக, ஏதென்ஸின் பார்த்தினானைப் போலக் கட்ட 1826ல் ஆரம்பித்து, பணமில்லாமல் 1829ல் நிறுத்திவிட்டார்கள். விழாக்காரர்கள் அதை அக்ரோபோலிஸ் என்பார்கள். நெருப்பு அங்கேதான் பிறக்கிறது. மே அரசி எழுகிறாள். அவளைச் சுற்றி வெள்ளை உடுத்திய காவல் பெண்கள், பின்னால் பச்சை மனிதன், சடங்கு பிசகாமல் பார்த்துக்கொள்ளும் நீலர்கள், முன்னும் பின்னும் முரசுகள். நெருப்பு வளைவைக் கடந்து, காற்று, மண், நீர், நெருப்பு என்று நான்கு குழுக்கள் காத்திருக்கும் இடங்களைத் தொட்டு ஊர்வலம் போகும். உடம்பு முழுக்கச் சிவப்பு பூசியவர்கள் இடையில் புகுந்து கலகம் பண்ணுவார்கள். பச்சை மனிதன் அவசரப்பட்டு அரசியைத் தொடுவான். தொட்டதற்கு அவனைக் கொன்றுவிடுவார்கள். குளிர்கால வேடத்தை உரித்து அவனை அவளே எழுப்புவாள். அப்புறம்தான் பெரிய நெருப்பு.

எல்லாமே கேலிக் மக்களின் பழைய கதை. வடிவம் மட்டும் புதுசு.

ஏன் செலவழிக்கிறேன் என்பதற்கு இன்று பதில் எழுத முடியவில்லை. காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட். முதியோர் இல்லத்தில் வேலை.

ஏப்ரல் 10

நேற்று எழுதியதில் ஒரு வரி தப்பு. "எல்லாமே கேலிக் மக்களின் பழைய கதை" என்று தூக்கத்தில் எழுதிவிட்டேன். அது உண்மையில்லை, விரிவாகத் திருத்துகிறேன். கேள்வி கேட்டவர் சரியாகக் கேட்டிருக்கிறார், நான்தான் சாக்குச் சொன்னேன்.

ஏப்ரல் 13

எது பழசு, எது புதுசு என்று பிரித்துப் பார்த்தேன். தெரிந்தவரை எழுதுகிறேன்.

பழசு என்றால் நெருப்பு. அதில் சந்தேகமே இல்லை. அயர்லாந்தில் கி.பி. 900 வாக்கில் தொகுத்த கோர்மாக்கின் சொற்களஞ்சியத்தில் இருக்கிறது: பெல்டேன் அன்று இரண்டு தீ மூட்டி, மந்திரம் சொல்லி, வருஷ நோய்கள் அண்டாமல் இருக்க மாடுகளை நடுவில் ஓட்டினார்கள். மாடு மேய்க்கிறவர்களின் சடங்கு இது. மே மாதம் மந்தையை மேட்டு மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போகும் நாள். நம்மூர் மாட்டுப் பொங்கலில் வைக்கோலைக் கொளுத்தி மாட்டைத் தாண்ட வைப்பதை நேரில் பார்த்தவன் என்பதால் இதை வாசித்தபோது எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

அடுத்து, நீட் ஃபயர். கேலிக்கில் அதன் பெயருக்குப் பொருள் வலிந்து பெற்ற தீ. மார்ட்டின் மார்ட்டின் என்பவர் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைச் சுற்றி வந்து 1703ல் எழுதியிருக்கிறார். மாட்டுக்குக் கொள்ளைநோய் வந்தால் ஊரில் எல்லா அடுப்பையும் அணைத்துவிடுவார்கள். கல்யாணமான ஆண்கள் 81 பேர், முறைக்கு ஒன்பது ஒன்பது பேராக, இரண்டு பெரிய பலகைகளை உரசிக்கொண்டே இருப்பார்கள், தீ பிடிக்கும்வரை. அந்தத் தீயிலிருந்துதான் எல்லா வீட்டு அடுப்பும் மறுபடி எரியும். தீக்கடையும் கோலுக்கு ஞெலிகோல் என்று சங்கப் பாட்டிலேயே சொல் இருக்கிறது. கை எரிய எரிய மரத்தை உரசித் தீ எடுப்பது யாருக்கும் தனிச் சொத்தில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது தாமஸ் பென்னன்ட் தன் 1769 ஸ்காட்லாந்துப் பயண நூலில் பெர்த்ஷயர் பற்றி எழுதியது. மேய்ப்பர்கள் தரையில் சதுரமாகப் பள்ளம் வெட்டி, நடுவில் புல்தரையை விட்டு, தீ மூட்டி, முட்டை, வெண்ணெய், ஓட்ஸ் மாவு, பால் கலந்து காய்ச்சுவார்கள். கொஞ்சத்தைத் தரையில் ஊற்றுவார்கள். ஓட்ஸ் ரொட்டியில் ஒன்பது குமிழ் வைத்துச் சுட்டிருப்பார்கள். ஒவ்வொரு குமிழாக உடைத்துத் தோளுக்குப் பின்னால் எறிந்து, இது உனக்கு, என் குதிரையைக் காப்பாற்று, இது உனக்கு, என் ஆட்டைக் காப்பாற்று என்பார்கள். கடைசியில் நரிக்கும் காக்கைக்கும் கழுகுக்கும் ஒவ்வொன்று: இது உனக்கு, என் குட்டிகளை விட்டுவிடு. எதிரிக்கும் ஒரு பங்கு வைத்த படையல் அது.

1790களில் காலண்டர் என்ற ஸ்காட்லாந்து ஊரின் பாதிரியார் எழுதிய குறிப்பில் இதையே சிறுவர்கள் செய்கிறார்கள். ரொட்டித் துண்டு ஒன்றில் கரி பூசித் தொப்பியில் போட்டு, கண்ணைக் கட்டி எடுப்பார்கள். கரித்துண்டு வந்தவன் தீயை மூன்று தடவை தாண்ட வேண்டும். பெரியவர்கள் விட்ட சடங்கைப் பிள்ளைகள் விளையாட்டாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இனி புதுசு. மே அரசி பெரும்பாலும் இங்கிலாந்து ஊர்களின் மே தின வழக்கத்திலிருந்து வருகிறாள். பச்சை மனிதன் இன்னும் சமீபம். தேவாலயங்களில் வாயிலிருந்து இலை துளிர்க்கும் முகங்களைச் செதுக்கியிருப்பார்கள். எடின்பரோவுக்குத் தெற்கே ராஸ்லின் தேவாலயத்தில் மட்டும் நூற்றுக்கு மேல். அந்த முகங்களுக்குப் பச்சை மனிதன் என்று பேர் வைத்தது லேடி ராக்லன், 1939ல், ஒரு கட்டுரையில். அரசியும் அவனும் சேர்ந்து, அவன் செத்து எழும் கதை முழுசாக 1988க்குப் பிறகு இந்தக் குன்றில் வளர்ந்தது.

ஏப்ரல் 14

ஆர்தர்ஸ் சீட்டை நேற்று விட்டுவிட்டேன். மே 1 விடியலில் அந்த மலையில் ஏறிப் பனித்துளியில் முகம் கழுவினால் வருஷம் முழுக்க முகம் பொலியும் என்று எடின்பரோப் பெண்கள் நம்பினார்கள். இப்போதும் ஏறுகிறார்கள். இதை யாரும் 1988ல் கண்டுபிடிக்கவில்லை.

ஏப்ரல் 19

ஒத்திகையிலிருந்து வந்து எழுதுகிறேன். கை நடுங்குகிறது, குளிரா அடித்ததா தெரியவில்லை.

2017ல் பார்வையாளனாகப் போனேன். 2019ல் ஒழுங்குபடுத்தும் தொண்டராக, கூட்டத்துக்கும் தீப்பந்தத்துக்கும் நடுவே கையை விரித்து நின்றேன். 2020லும் 2021லும் குன்றில் விழா இல்லை, தொற்றுக்காலம், கணினித் திரையில்தான். 2022ல் குன்றுக்குத் திரும்பியபோது முரசுக் குழுவில் சேர்ந்தேன்.

சேர்ந்தேன் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போக முடியாது, அதைச் சொல்ல வேண்டும். பொதுக்கூட்டம் என்று போட்டிருந்தது, யாரும் வரலாம் என்று. போனேன். ஒவ்வொரு குழுவும் எழுந்து தாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று சொன்னது. முரசுக்காரர்கள் சொல்லி முடித்ததும் ஒரு அம்மா, அறுபது வயசிருக்கும், பெயர் எழுதும் தாளை நீட்டினார். அடித்த பழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அது பொய். எங்கள் அய்யா பறை அடிப்பவர். மதுரைக்கு மேற்கே, ஊர் பேர் வேண்டாம். சாவுக்கும் கூப்பிடுவார்கள், சாமிக்கும் கூப்பிடுவார்கள். எனக்கு ஏழு வயசில் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சும்போது பக்கத்தில் உட்கார்ந்து அடிக்குச்சியைத் தொட்டேன். அய்யா கையைத் தட்டிவிட்டார். ஓங்கி இல்லை. "இது ஒனக்கு வேணாம்டா" என்றார். அதற்கப்புறம் தொடவில்லை. அவர் என்னைப் படிக்க வைத்தது அந்தக் குச்சியைத் தொடாமல் இருக்கத்தான்.

குழுவில் கொடுத்தது இடுப்பில் மாட்டிக்கொள்ளும் பெரிய முரசு. பிளாஸ்டிக் தோல், பஞ்சு சுற்றிய கட்டை. பறை மாதிரி இரண்டு குச்சிக்கும் இரண்டு குரல் கிடையாது. ஆனால் நடந்துகொண்டே அடிக்கும்போது கால் எங்கே விழ வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. மூன்றாவது வாரம் அந்த அம்மா பக்கத்தில் வந்து, நீ அடித்திருக்கிறாய் என்றார். ஆமாம், என் வீட்டில் அடிப்பார்கள் என்றேன். இந்த நாட்டுக்கு வந்து அதை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

ஏப்ரல் 20

கீழே ஒருவர் சம்பளம் உண்டா என்று கேட்டிருக்கிறார். கிடையாது. நடத்துவது தொண்டு அமைப்பு, முந்நூறு பேரளவில் வேலை செய்கிறோம், எல்லாரும் சும்மாதான் வருகிறோம். பார்க்க வருகிறவர்களுக்கு டிக்கெட் உண்டு. குன்றுக்கு வேலி, காவல், ஆம்புலன்ஸ், கழிப்பறை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டுமே.

ஏப்ரல் 21

இப்போது கேள்விக்கு வருகிறேன். "பல நூறு வருடம் விட்டுப்போகாமல் நடக்கும் திருவிழா."

எங்கள் ஊர் அம்மன் திருவிழாவில் பூக்குழி உண்டு. ஊரில் தலைக்கட்டு வரி வசூலிப்பார்கள். எங்கள் தெருவில் வசூலிக்க மாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சலுகை என்று நினைப்பார்கள். வரி கொடுக்காதவனுக்குத் திருவிழாவில் பங்கில்லை, அதுதான் அதன் அர்த்தம். பறை நாங்கள்தான் அடிக்க வேண்டும், அடிக்காவிட்டால் சாமி இறங்காது. ஆனால் பூக்குழிக்கு எங்கள் ஆள் இறங்கக்கூடாது. வேப்பமரம் வரைக்கும்தான் எங்கள் எல்லை. எங்கள் சித்தப்பா ஒரு வருஷம் விரதமிருந்து மஞ்சள் துணி கட்டிக்கொண்டு நின்றார். பெரியவர்கள் வந்து சொன்னது ஒரே சொல்தான்: "தொன்றுதொட்டு வழக்கம்."

ஆகவே ஒரு சடங்கு பழசு என்றால் அது உண்மை, புதுசு என்றால் நாடகம் என்ற அளவுகோலை என்னால் கையில் எடுக்க முடியவில்லை. பழசு என்ற சொல்லை வைத்துத்தான் எங்களை வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். இங்கே 1988ல் சிலர் கூடி, பழைய குறிப்பைப் படித்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று அவர்களே முடிவு பண்ணினார்கள். மார்ட்டின் எழுதியதில் 81 பேரும் ஆண்கள், அதுவும் கல்யாணமான ஆண்கள். இந்தக் குன்றில் தீ ஏந்துகிறவர்களில் பலர் பெண்கள். யாரும் தொன்றுதொட்டு என்று சொல்லித் தடுக்கவில்லை, ஏனென்றால் தொன்று என்று ஒன்றைத் தொட்டுக்காட்ட அவர்களிடம் கிடையாது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தோன்றலாம். கேள்வி கேட்டவர்மேல் இல்லை.

ஏப்ரல் 22

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒன்று சேர்க்க வேண்டும். எங்கள் அம்மன் பொய் என்று நான் சொல்லவில்லை. அய்யா அடிக்கும்போது சாமி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன், அது நாடகம் இல்லை. வேப்பமரத்தைத் தாண்ட விடாத வழக்கம்தான் எனக்குப் பிரச்சினை. இரண்டும் வேறு.

ஏப்ரல் 26

நெருப்பு வேலை பற்றிக் கேட்ட மூன்று பேருக்கும் சேர்த்து.

பருத்தி அல்லது கம்பளி மட்டும். பாலியெஸ்டர், நைலான் வேண்டவே வேண்டாம், உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். முடியைக் கட்டி, நனைத்து, துணியில் மூட வேண்டும். பந்தத்தின் திரி கெவ்லார் நாடா, எரியாமல் எண்ணெயை மட்டும் எரிக்கும். எண்ணெய் பாரஃபின், அதாவது நம் மண்ணெண்ணெய். முக்கியெடுத்தபின் உதற வேண்டும், சொட்டக் கூடாது. எண்ணெய் வைக்கும் இடமும் பற்ற வைக்கும் இடமும் எட்ட எட்ட இருக்கும். ஒவ்வொரு பந்தக்காரருக்கும் பக்கத்தில் ஈரத்துணியோடு ஒருவர் கண் கொட்டாமல் நிற்பார். அவரும் ஊர்வலத்தில் வேடம் போட்டவர்தான், ஆனால் அன்று இரவு அவர் பார்ப்பது ஒரே ஒரு நெருப்பை.

மண்ணெண்ணெய் வாசத்தில் எனக்கு ரேஷன் கடையும் ராக்காலத்துச் சாமி ஊர்வலமும் ஒன்றாக வருகின்றன. பக்கத்தில் நிற்கும் ஸ்காட்டியப் பையனுக்கு அவன் தாத்தா வீட்டு ஹீட்டர் நினைவு வருகிறதாம்.

சாயத்தைப் பற்றி: ஏப்ரல் கடைசியில் இங்கே ராத்திரி நான்கைந்து டிகிரிதான் இருக்கும். சிவப்பர்கள் இடுப்புத் துணியோடு மணிக்கணக்காக ஓடுவதால் தாக்குப்பிடிக்கிறார்கள். நின்றால் விறைத்துவிடும். அதனால்தான் அவர்களுடைய பகுதியில் நிற்கும் ஆட்டமே கிடையாது. சடங்கின் பாதியை வானிலைதான் எழுதியிருக்கிறது.

மே 1, காலை 6.10

தூங்கவில்லை. சொல்லிவிட்டுத் தூங்குகிறேன்.

நேற்று இருட்ட ஒன்பதரைக்கு மேல் ஆயிற்று. தூண்களுக்குக் கீழே நாங்கள் அசையாமல் நின்றோம். ஆயிரக்கணக்கான பேர், செல்பேசி வெளிச்சம். தீ பிடித்தது. முதல் அடி எங்கள் வரிசையிலிருந்து போக வேண்டும். போயிற்று.

நீர்க் குழுவைத் தாண்டும்போது நான் தாளத்தைத் தவறவிட்டேன். முன்னால் ஒரு குழந்தை அப்பா தோளில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது, அதைப் பார்த்ததில் ஒரு சுற்று முழுக்கப் பிசகியது. பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்க்கவில்லை, தன் அடியைக் கொஞ்சம் ஓங்கிப் போட்டார், அவ்வளவுதான். அதைப் பிடித்து ஏறி வந்துவிட்டேன். எட்டு வாரம் ஒத்திகை என்று சொல்கிறோமே, தப்பாமல் அடிப்பதற்கு மட்டும் இல்லை. விழுந்தவனை நிறுத்தாமல் நடந்தபடியே தூக்கக் கற்றுக்கொள்ளத்தான்.

பச்சை மனிதன் சாகும் இடத்தில் முரசுகள் நின்றுவிடும். அதுவரை இரண்டு மணி நேரமாக உடம்புக்குள் இருந்த சத்தம் சட்டென்று போனதும் காது வலித்தது. கூட்டமும் அடங்கிவிட்டது. குடித்துவிட்டுக் கத்திக்கொண்டிருந்தவர்கள்கூட. காற்றில் பந்தங்கள் படபடப்பது மட்டும் கேட்டது. எங்கள் ஊரில் சாவு வீட்டில் பறை நிற்கவே நிற்காது, பிணம் எடுக்கும்வரை மாற்றி மாற்றி அடிப்பார்கள். சாவுக்கு அமைதி என்பது எனக்குப் புதுசு. அங்கே நின்றபோது அய்யாவின் கைதான் நினைவுக்கு வந்தது, விடியவிடிய அடித்துவிட்டு வந்து வெந்நீரில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கை.

பிறகு அவன் எழுந்தான், நாங்கள் மறுபடி அடித்தோம், சொக்கப்பனை மாதிரிப் பெரிய தீ பற்றியது.

குன்றிலிருந்து இறங்கி நாலு பேராக ஆர்தர்ஸ் சீட்டுக்கு நடந்தோம். அடிவாரத்திலேயே விடிந்துவிட்டது, ஐந்தரைக்குச் சூரியன். புல்லில் பனி நன்றாக இருந்தது. முகத்தில் மை, சாயம், புகை, எல்லாவற்றோடும் கழுவினேன்.

மே 1, மாலை

இரண்டு விஷயம் காலையில் எழுதவில்லை, சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

யாரும் வரலாம் என்பது உண்மை. ஆனால் வாரத்தில் இரண்டு மாலையும் ஒரு ஞாயிறும் ஒதுக்க முடிந்தவர்கள்தான் வர முடிகிறது. என் முதியோர் இல்லத்தில் இருபத்தைந்து பேர் வேலை செய்கிறோம். நான் ஒருவன்தான் போகிறேன், அதுவும் மூன்று பேர் என் ஷிஃப்டை மாற்றிக் கொடுத்ததால். கதவு திறந்திருப்பது ஒன்று, வாசல்வரை வரக் கையில் நேரம் இருப்பது இன்னொன்று. ஏப்ரல் 21ல் எழுதியபோது இதை யோசிக்கவில்லை.

இரண்டாவது, படம் எடுப்பது. சாயம் பூசிய உடம்பை அருகில் வந்து படமெடுக்கிறார்கள். சடங்கில் பாதி உடம்போடு நிற்பவர் தன்னை ஊருக்குக் கொடுத்து நிற்கிறார், உங்கள் திரைக்கு இல்லை. வருகிறவர்கள் கண்ணால் பாருங்கள்.

மே 5

"அப்படியானால் நீங்கள் பேகனா?" என்று இரண்டு பேர். கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வங்களையும் இயற்கையையும் வழிபடுகிறவர்களுக்கு அந்தப் பெயர்.

இல்லை. விழா அமைப்பும் மத அமைப்பு இல்லை, கலைத் தொண்டு அமைப்பு. ஊர்வலத்தில் கடவுள் நம்பாதவர்கள் உண்டு, ஞாயிறு தேவாலயம் போகிறவர் ஒருவர் எங்கள் வரிசையிலேயே உண்டு, பேகன்களும் உண்டு. முதல் குறிப்பில் எல்லாமே பழைய கதை என்று எழுதி நானே இதைக் குழப்பி வைத்திருந்தேன்.

பேகன் என்பதும் ஒரே மதம் இல்லை. சூனியத்தைத் தன் வழிபாடாகச் சொல்லும் நவீன மதமான விக்கா, பழைய கெல்டியப் பூசாரிகளின் பெயரை எடுத்துக்கொண்ட ட்ரூயிட்கள், நார்ஸ் என்னும் வட ஐரோப்பியத் தெய்வங்களை வணங்குபவர்கள் என்று பல வழி. 1735ன் சூனியச் சட்டத்தை 1951ல் நீக்கினார்கள், 1954ல் ஜெரால்ட் கார்ட்னர் விக்காவைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். வருஷத்துக்கு எட்டுத் திருநாள் என்ற சக்கரமே அந்த 1950களில்தான் ஒன்றாகச் சேர்ந்தது. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 74,000 பேர் தங்கள் மதம் பேகன் என்று எழுதினார்கள்.

குழுவில் ஒரு பேகன் தோழி. அவரிடம் கேள்வியை அப்படியே கேட்டேன், இதெல்லாம் புதுசுதானே, உறுத்தாதா என்று. அவர் சொன்னது: என் பாட்டி செய்த ரொட்டியும் அன்று காலை சுட்டதுதான். பிறகு விழாவுக்கு முன்னால் தான் தனியாகச் செய்வதைச் சொன்னார். ஓட்ஸ் ரொட்டி சுட்டு, ஒன்பது குமிழ் வைத்து, வீட்டுப் பின்பக்கம் போய் எறிவாராம். நரிக்கும் உண்டா என்றேன். நரிக்குத்தான் முதலில் என்றார், எடின்பரோவில் ஆட்டைவிட நரிதான் அதிகம். 1769 குறிப்பு அவருக்கு மனப்பாடம். நான் அதைச் செய்தியாக வாசித்தேன், அவர் அதைச் சமையல் குறிப்பாக வாசித்திருக்கிறார்.

ஜூன் 22

வேறு பக்கம் போகிறேன், ஆனால் சம்பந்தம் உண்டு. இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் போய்வந்தோம், கோடைகால நீள்பகல் விடியல். அன்று கற்களின் நடுவே போகலாம், தொடலாம், ஏறத்தான் கூடாது. டிக்கெட்டும் கிடையாது. ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் சூரியன் வந்தது. முரசு, கொம்பு, வெள்ளை உடையில் ட்ரூயிட்கள், தூங்கிவழியும் பிள்ளைகள்.

இந்தத் திறப்பு சும்மா வந்ததில்லை. 1974லிருந்து 1984வரை அங்கே இலவச விழா நடந்தது. 1985 ஜூன் 1 அன்று அதற்குப் போன வண்டிகளை வில்ட்ஷயர் வயல்வெளியில் போலீஸ் மறித்து அடித்து நொறுக்கியது. ஐந்நூறு பேருக்கு மேல் கைது. அதன்பின் வருஷக்கணக்காக நீள்பகல் சமயத்தில் யாரும் நெருங்க முடியவில்லை. 1999ல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, பொதுச்சாலையில் அமைதியாகக் கூடுவது குற்றமாகாது என்று ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அது ஸ்டோன்ஹெஞ்ச் ஓரத்துச் சாலையில் நின்றவர்களின் வழக்கு. 2000லிருந்துதான் இந்தத் திறப்பு. நாலாயிரத்தைந்நூறு வருஷம் பழைய கல். அதைத் தொடும் உரிமைக்கு வயசு இருபத்துச் சொச்சம். பழசு, புதுசு என்று நாம் அடித்துக்கொண்டதற்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 7

அய்யாவிடம் சொல்லிவிட்டேன். மூன்று வருஷமாகச் சொல்லவில்லை. வீடியோவில் கூப்பிட்டு, ஊர்வலப் பதிவைக் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். "குளிர்ல தோலு எறங்கிருமேடா" என்றார். பிளாஸ்டிக் தோல் அய்யா என்றேன். "அடிச்சா என்ன குடுப்பாங்க?" ஒன்றும் தர மாட்டார்கள் என்றேன். "பெறகு யாரு கூப்புட்டா?" யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போய்ப் பெயர் கொடுத்தேன் என்றேன். இதை அவர் இரண்டு தடவை கேட்டார். கூப்பிடாமல் போய் அடிக்கிற இடம் என்று ஒன்று இருக்கும் என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

அம்மா பின்னாலிருந்து, "அங்க போயும் மேளமாடா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அது எனக்கு வலித்தது. அவர் சொன்னதில் தப்பில்லை.

அய்யா போனை வைக்குமுன் சொன்னது: "நாலாவது சுத்துல ஒனக்குப் பெசகுச்சுல்ல."

நீர்க் குழு பக்கம். பதிவில் நான் எங்கே இருக்கிறேன் என்றுகூட நான் அவருக்குக் காட்டவில்லை.

செப்டம்பர் 3

அக்டோபர் 31 சௌவின் விழாவுக்கு ஆள் சேர்க்கத் தொடங்கியாகிவிட்டது. குளிர்காலத்துக்குள் நுழையும் பக்கம் அது. முதல் கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருக்கிறார், கிளாஸ்கோவில்தான் இருக்கிறாராம், இத்தனை நாள் சொல்லவே இல்லை. பொதுக்கூட்டத்துக்கு வரலாமா என்று கேட்கிறார்.

வாருங்கள். பெயர் எழுதும் தாளை நீட்டும் அம்மா இடப்பக்கம் கதவருகே உட்கார்ந்திருப்பார். பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அடித்த பழக்கம் உண்டா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.